பத்துப் பேருக்காகக் காத்திருக்கும் ஆலயம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் கோவில் இருக்கிறது. அங்கே பாறையில் 770-ம் ஆண்டு வாக்கில் வெட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. மொழி தமிழ்தான். ஆனாலும் நம்மால் படிக்க முடியாது. எழுத்து வட்ட வட்டமாக இருக்கும். அதற்கு வட்டெழுத்து என்று பெயர்.

அதே வட்டெழுத்தில் எழுதிய இரண்டு செப்பேடுகள், மேற்கு மலைக்கு அப்பால் கொச்சியில் இருக்கின்றன. அவற்றைக் காத்து வருபவர்கள் யார் தெரியுமா? யூதர்கள்!

சுமார் 1000-ம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த பட்டயம் அது. பகல் விளக்கு, நடை பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று அரசருக்கு உரிய மரியாதைகளை எல்லாம் அவருக்கு மன்னர் வழங்கினார். பழைய மலையாளம் என்றாலும், வாசித்துக் காட்டினால் நம் காதுக்குப் பல சொற்கள் புரிந்துவிடும்.

செருப்பைக் கழற்றிவிட்டு...

யூதர்கள் தொழும் இடத்தை ஜெப ஆலயம் என்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனைக்கு அடுத்தாற்போல் இருக்கும் ஜெப ஆலயம் 1568-ல் கட்டியது. அதன் மணிக்கூண்டில் எபிரேய எண், ரோமன் எண், மலையாள எண் என்று முகத்துக்கு ஒரு வகை எண்!

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மற்ற நாட்டு யூதர்களிடம் இந்தப் பழக்கம் பொதுவாக இல்லை. நம் நாட்டில் வந்து ஒட்டிக்கொண்டது போலும்.

உள்ளே நுழைந்தால் காலடியில் நீலமும் வெள்ளையுமாய்ச் சீனத்து ஓடுகள். கையால் படம் தீட்டியவை. ஒன்றைப் போல் ஒன்று இராது என்பார்கள். தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. வேதம் படிப்பவர் அதில் நிற்பார். மாடியில் பெண்கள் இருக்கும் இடத்துக்கு முன்னால் இன்னொரு மேடையும் உண்டு. இரண்டு மேடை வைப்பது கேரள யூதர்களின் தனி வழக்கம்.

சிலை எதுவும் கிடையாது. மேற்குச் சுவரில் செதுக்கு வேலை செய்த மரப் பேழை இருக்கிறது. மேற்கே எதற்கு? எருசலேம் நகரம் அந்தத் திசையில்தானே இருக்கிறது! பேழைக்குத் திரை போட்டிருப்பார்கள். திரைக்குப் பின்னால்தான் அவர்களுடைய வேதச் சுருள்கள் இருக்கின்றன. தோரா என்பார்கள்.

கை படக் கூடாது

தோராவை அச்சடிப்பதில்லை. தோலைப் பதப்படுத்தி, இறகுப் பேனாவால் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள்! ஓர் எழுத்துப் பிசகினாலும் திருத்தும் வரை அந்தச் சுருளை ஓதக் கூடாது. படிக்கும்போது விரல் வைத்துத் தொடக் கூடாது. அதற்கென்று ஒரு கோல் உண்டு. நுனியில் சிறிய கை, அதில் நீட்டிய சுட்டு விரல். கிழிந்துபோன சுருளைக் குப்பையில் போட மாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். மண்ணில் அடக்கம் செய்வார்கள்.

திருவாங்கூர் மகாராஜா கொடுத்த தங்கக் கிரீடம் ஒன்றும் இங்கே உண்டு. இந்துவான மன்னர் யூத வேதத்துக்குச் சூட்டிய முடி! ஆண்டுக்கு ஒரு முறை தோராத் திருநாள் வரும். அன்று சுருள்களைக் கையில் ஏந்தி, பாடிக்கொண்டே ஆலயத்தைச் சுற்றி வலம் வருவார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வளர்ந்த நமக்கு அந்த மகிழ்ச்சியைச் சொல்லியா தெரிய வேண்டும்?

ஆள் இல்லை

1968-ல் இந்த ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலை கூட வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது.

1948-ல் இஸ்ரேல் நாடு உண்டாயிற்று. 1950-களில் கேரள யூதர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடிபெயர்ந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. தங்கள் வேதம் சொல்லும் மண்ணுக்குப் போக வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது பழைய விதி. ஒன்பது பேர் இருந்தால் பேழையிலிருந்து தோராவை எடுத்துச் சபையில் ஓத முடியாது. மட்டாஞ்சேரியில் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவில்தான் யூதர்கள் இருக்கிறார்கள். வெளியூர் யூதர்கள் வந்தால்தான் கணக்கு நிறையும். துடைத்து வைத்த விளக்கு இருக்கிறது, வேதம் இருக்கிறது, கிரீடம் இருக்கிறது. பத்தாவது ஆள் இல்லை.

எர்ணாகுளத்தில் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் முன்புறத்தில் பல ஆண்டுகள் செடிக் கடையும் வண்ண மீன் கடையும் நடந்தன. அதே பெயரில் மட்டாஞ்சேரியிலும் ஓர் ஆலயம் இருந்தது. அதன் மர வேலைப்பாடுகளைக் கழற்றிக் கடல் கடந்து கொண்டு போனார்கள். 1995-லிருந்து அவை எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே வைத்துள்ள பேழை பறவூர் ஆலயத்தினுடையது. அண்ணாந்து பார்த்தால், கூரையில் கேரளத்துத் தச்சர்கள் செதுக்கிய தாமரைப் பூக்கள்.