தோல் காய்ச்சுவதே முதல் பாடம்



தாளக் கருவியைத் தனிவகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பது இசைப்பள்ளிகளுக்கு மட்டுமே உரிய கேள்வியாகத் தோன்றலாம். யார், யாருக்கு, எதைச் சொல்லி, எதை மறைத்துக் கற்பிக்கிறார் என்று கேட்டுவிட்டால் அது சாதியைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. நமக்குத் தெரிந்த பறை ஆசிரியர் ஒருவரின் முறையை முன்வைத்து இந்த நினைவுநாளில் அதைப் பேச விரும்புகிறோம்.

முதலில் மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பாடம் ‘தா தி தொம் நம்’ என்ற சொற்களில் தொடங்குகிறது. விரல் எங்கே விழ வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதெல்லாம் நுணுக்கமாகச் சொல்லித்தரப்படுகின்றன. அதன் இரு முகங்களும் மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களால் ஆனவை. அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். இந்தச் செய்தி பாடத்தில் வருவது அரிது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்துவின் உழைப்பு இருந்தது. இக்கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதிய பிறகே பொதுவெளியில் அது பரவலாகப் பேசப்பட்டது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். மிருதங்க வகுப்பு அதற்கு ஒரு சான்று.

நம் ஆசிரியரின் வகுப்பில் முதல் நாள் யாரும் பறையை அடிப்பதில்லை. வைக்கோலைக் கூட்டித் தீ மூட்டச் சொல்வார். தோல் ஈரம் வாங்கினால் தொய்யும், சூடேறினால் இறுகும், இறுகினால் ஒலி உயரும். இதை மாணவர் தன் கையாலேயே காய்ச்சி, தட்டிப் பார்த்து அறிய வேண்டும். மரச்சட்டம் எப்படி இணைக்கப்பட்டது, தோல் எங்கிருந்து வந்தது, அதைப் பதமிட்டவர் யார் என்பதும் அன்றே சொல்லப்படும். மாட்டுத்தோலைத் தொடத் தயங்குபவரை அவர் திட்டுவதில்லை. அவர் கையில் குச்சியைக் கொடுப்பதும் இல்லை.

அடுத்தது வாய். அடியைச் சொல்லாகச் சொல்லிப் பழகிய பிறகே இடக்கைக்கு நீண்ட மெல்லிய சுண்டுக்குச்சியும் வலக்கைக்குக் குட்டையான அடிக்குச்சியும் வரும். பிறகு கால். பறை தோளில் தொங்கும் கருவி. நின்றும் நடந்தும் ஆடியும் அடிப்பது. உட்கார்ந்து கற்றவரின் கை, கால் நகர்ந்ததும் தடுமாறும். சில வாரங்களில் தனிவகுப்பு முடிந்து, மாணவர் வரிசையில் நிறுத்தப்படுவார். பக்கத்தில் நிற்பவரின் அடியைக் கேட்காத கைக்குப் பறை வசப்படாது என்பார்.

கட்டணத்தில்தான் நமக்குள் விவாதம் எழுந்தது. சேரிப் பிள்ளைகளிடம் அவர் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. மற்றவர்களிடம் முதல் நாளே முழுத்தொகையையும் வாங்கிவிடுகிறார். மக்கள் கலைக்கு விலை வைக்கலாமா என்று தோழர்கள் சிலர் கேட்டோம். “எங்க தாத்தா ஊருக்கெல்லாம் அடிச்சாரு. கூலின்னு கேக்க முடியாது, குடுத்தத வாங்கிக்கணும். இது அந்தக் கணக்கு இல்ல, தோழர்” என்றார். அதற்குப் பிறகு நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவரிடம் பதில் இல்லாத இடமும் ஒன்று உண்டு. அதே தெருவில் ஒரு தந்தை தன் மகனை வகுப்புக்கு அனுப்ப மறுத்துவிட்டார். சாவு வீடுகளில் தன் அப்பா குனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதைச் சொன்னபோதும் அவர் மனம் மாறவில்லை. விருது ஒருவருக்கு வருகிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஊர்விலக்கத்தையும் அடியையும் பல சேரிகள் சந்தித்திருக்கின்றன. பறையைக் கீழே வைத்ததும் நம் போராட்டம், மீண்டும் கையில் எடுத்ததும் நம் போராட்டம். ஆகவே ஆசிரியர் அந்தத் தந்தையை வற்புறுத்தவில்லை. மாரடிப்பு அடியைக்கூட அவர் கடைசியில்தான், இந்த மறுப்பின் வரலாற்றோடு சேர்த்துத்தான் கற்பிக்கிறார்.

இன்று நகரங்களில் பலர் ஆர்வத்தோடு பறை கற்கிறார்கள், வரவேற்கிறோம். கற்கப் போகும் மாணவர்கள் மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். இந்தக் கருவியைச் செய்தவர் யார்? அவருக்கும் கற்பிப்பவருக்கும் உரிய கூலி போய்ச் சேர்கிறதா? இந்த வகுப்புக்கு வர மறுத்தவர் யார், ஏன்? இவற்றைக் கேட்க இடம்தராத வகுப்பில் தாளம் கிடைக்கலாம். பறை கிடைக்காது.

ஜெய்பீம்.