ஆளுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது

"பணம் வந்துருச்சு மதினி! பதினஞ்சாயிரம்!"

வாசலில் நின்று கூவியவள் எங்கள் மகளிர் குழுவின் செயலாளர். எனக்கு நாத்தனார் முறை. அடுப்பை அணைத்துவிட்டுப் பாஸ்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மெய்தான். வாடிப்பட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் பன்னிரண்டு பெண்கள் ஆறு மாதம் விடாமல் கூடிச் சேமித்ததற்கு, ஊரக வாழ்வாதார இயக்கம் தந்த சுழல் நிதி. ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய கதை இது.

அன்று சாயங்காலமே கூட்டம். முதல் பேச்சு நான் பயந்தபடியே வந்தது.

"ஆளுக்கு ஆயிரத்து இருநூத்தம்பது வருது. பிரிச்சுக்கிட்டா ஒரு தொல்லையும் இல்ல. அரசாங்கம் குடுத்த காசுதானே, யாரு திருப்பிக் கேக்கப் போறா?"

நாலைந்து தலைகள் ஆடின. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இதே பேச்சை முன்னொரு குழுவில் கேட்டு, தலையை ஆட்டியவள் நான். அன்று கிடைத்த பங்கில் என் பெண்ணுக்குக் கொலுசு வாங்கினேன். பொதுப் பணம் என்று ஒன்று இல்லாமல் போனதும் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வங்கிக் கடன் தவணையை இரண்டு பேர் நிறுத்தினார்கள். கணக்கு எழுதிய அக்கா, தன் கையெழுத்துக்கு அவமானம் வரக்கூடாதென்று, காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். நாங்கள் யாரும் அவர் வீட்டுப் படி ஏறிப் போய் என்ன ஏது என்று கேட்கவில்லை. கொலுசு என் பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் சிறிதாகிவிட்டது.

இதை அன்றைய கூட்டத்தில் அப்படியே சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் எங்கள் குழுவின் மூத்தவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, "சரித்தா, அப்ப என்ன செய்யணும்ங்கற?" என்றார்.

செய்ய வேண்டியதை அந்த நிதியின் பெயரே சொல்கிறது. சுழல வேண்டும். ஒருத்தி கடனாக வாங்கித் திருப்பினால் அடுத்தவள் வாங்குவாள். இந்தத் தொகை கிடைப்பதற்கும் ஐந்து பழக்கங்களைத்தான் பார்க்கிறார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்குவது, நாளுக்குத் திருப்புவது, அன்றன்றைக்குக் கணக்கு எழுதுவது. படித்தவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மதுரைச் சீமையிலேயே சின்னப்பிள்ளை அம்மாள் இருக்கிறாரே! புல்லுச்சேரிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாத கூலி விவசாயி. வயல் வேலைக்கு ஆள் சேர்த்துப் போய்க் கூலி பேசிக் கொடுப்பவர். 1990-ஐ ஒட்டி மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்ற பெயரில் சேமிப்புக் குழுக்கள் தொடங்கியபோது சேர்ந்து, பல ஊர்களில் குழுக்களைக் கட்டினார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. காலைத் தொட்ட படத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு என்னவோ, அதற்கு முன்னால் அவர் வெயிலில் நடந்து நடந்து கூட்டம் சேர்த்த பத்து வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று முடிவாயிற்று. பதினைந்தாயிரமும் வெளியே சுற்றினால் மாதம் நூற்றைம்பது ரூபாய். முதல் ஆட்டுக் கடன் போனது, அடுத்து தையல் மிஷின் ரிப்பேர், அடுத்து ஒரு பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவு. அசல் எங்களுடையது. வட்டியை என்ன செய்வது?

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார். "பின்னாடி அம்புட்டு இடமும் கருவேலமுள்ளாக் கெடக்குக்கா. ஒரு முருங்கை நட்டாக்கூட நான் கீரைக்கு அலைய வேண்டாம்" என்றார். தலைமையாசிரியை சம்மதித்தார். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று வந்ததை வாசித்தபோது, அந்த முள்காடு என் கண்ணை உறுத்தியது நினைவுக்கு வந்தது.

முள்ளை வெட்டிச் சுத்தம் செய்ய இரண்டு ஞாயிறு. முருங்கைப் போத்து ஊரிலேயே கிடைத்தது. ஆடியில் வெண்டை, கத்தரி, அவரை. பிள்ளைகள் தட்டுக் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினோம். சிறுகீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிட்டன. வட்டிக் காசு விதைக்கும் ஹோஸுக்கும் போதுமாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகும் சகோதரிகளுக்குச் சமையல்காரர் ஒரு யோசனை சொல்வார், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: கீரைச் சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெட்டது.

ஆடுதான் எங்கள் எதிரி. முள்வேலி ஒரு மழைக்குத் தாங்கவில்லை. சுற்றுச்சுவர் வட்டிக் காசில் முடிகிற காரியமா? அதற்குத்தான் 'நமக்கு நாமே' திட்டம். 1990களின் இறுதியில் வந்து, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021–22-ல் பழைய பெயரிலேயே திரும்பியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரார் போட்டால் மற்றதை அரசு தரும். தொண்ணூறாயிரம் ரூபாய் வேலைக்கு நாம் முப்பதாயிரம் காட்ட வேண்டும். அதைத் திரட்டத்தான் இப்போது ஊரில் உண்டியல் சுற்றுகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம்.

ஒன்றில் மட்டும் நான் தவறிவிட்டேனோ என்று இருக்கிறது. வாடிப்பட்டி மேளம் என்றால் எங்கள் பக்கம் எவ்வளவு பெயர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேளம் பழகும் பையன் ஒருவனின் தாய், தோல் மாற்ற வட்டிக் காசிலிருந்து கொஞ்சம் கேட்டார். "தோட்டத்துக்கு மட்டும்" என்று நான்தான் கறாராகப் பேசினேன். மேளமும் பிள்ளைக்கு ஒரு படிப்புதானே? இயல் இசை நாடக மன்றம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவி வாங்க உதவி தருகிறது என்று பிறகு தெரிந்து, விண்ணப்பம் பற்றி அவரிடம் போய்ச் சொன்னேன். "பாக்கறேன்க்கா" என்றார். முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தத் தோலை மறுபடி எடுத்துவைக்கப் போகிறேன்.

கணக்கு எழுதிய பழைய அக்காவையும் போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். எங்கள் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் கூட்டல் தப்பு என்று காட்டினார். ஏழு ரூபாய்.

இப்போது மே மாதம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்ற முறை போட்டிருக்கிறோம். என் முறை செவ்வாய்க்கிழமை. போன வாரம் திங்கள்கிழமைக்காரி வரவில்லை, வாழை சுருண்டுவிட்டது. அந்த நாளை எனக்குக் கொடுங்கள் என்று அந்த அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்.