தீபாவளிக் காலைக்குத் தோசை மா: முன்கூட்டியே அரைத்து வைக்கும் முறை

தீபாவளியன்று விடியச் சாமம் மூன்று மணிக்கே நம் லயங்களில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். எண்ணெய் வைத்துக் குளிக்க ஒரு பக்கம் சுடுதண்ணி, இன்னொரு பக்கம் இறைச்சிக் கறி, பிள்ளைகளுக்குப் பலகாரம். முதல் நாள் மாலை வரை கொழுந்து எடுத்த அம்மாமார்தான் இதெல்லாம் பார்க்கிறார்கள். லீவு நாளிலாவது அவர்கள் ஐந்து மணி வரை தூங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு ஒரே வழி, காலைச் சாப்பாட்டுக்கான வேலையை முன்னமே முடித்து வைப்பதுதான்.

தோசைக்கு ஒரு சுண்டு உளுந்துக்கு மூன்று சுண்டு பச்சையரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போதும். இட்லிக்கும் இதே கணக்குத்தான், அரிசியை மட்டும் கொஞ்சம் ரவை பதமாக அரைக்க வேண்டும். அரிசியை வேறாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் வேறாகவும் நாலைந்து மணித்தியாலம் ஊறப் போடுங்கள். உளுந்து பஞ்சு மாதிரிப் பொங்கி வரும் வரை அரைக்க வேண்டும். மிக்சியில் அரைக்கிறவர்கள் குளிர்ந்த தண்ணி தெளித்து அரையுங்கள். ஆட்டுக்கல் என்றால் வீட்டு ஐயாமாரும் கொஞ்சம் கை கொடுக்கலாம். ஆம்பிளை சுற்றினால் கல் சுற்றாதா என்ன?

பிரச்சினை வருவது இதற்குப் பிறகுதான். சில வருடத்துக்கு முன் ஒரு மேல் டிவிசனில், தீபாவளிக் காலையில் ஒரு அம்மா மாச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அழுகிற மாதிரி நின்றார். வைத்த மா வைத்தபடியே கிடந்தது. கைராசி இல்லை என்று மாமியார் வேறு பேச்சு. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உளுந்திலும் அரிசியிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றுக்கு 25 முதல் 30 பாகை சூடு இருந்தால் நல்லது. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இரவில் அந்தச் சூடு எங்கே இருக்கிறது?

அதனால் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டத்தார் முதல் நாள் மாலை அரைத்தால் சரி. மேல் மலையில் உள்ளவர்கள் அதற்கும் முதல் நாளே அரைக்க வேண்டும். தீபாவளி செவ்வாய்க்கிழமை என்றால் ஞாயிறு மத்தியானம் ஊறப் போட்டு, மாலை அரைத்து, உப்புப் போட்டுக் கையாலே நன்றாகக் கலக்கி வையுங்கள். பழைய தோசை மா ஒரு கரண்டி கிடைத்தால் அதையும் சேருங்கள், சீக்கிரம் பொங்கும். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. மூடி, கம்பளியால் சுற்றி, இரவுச் சமையல் முடிந்த அடுப்பு ஓரத்தில் ஒரு முழம் தள்ளி வைக்கலாம். அடுப்பு மேட்டிலேயே வைத்தால் அடி மா வெந்துபோகும். கம்பளியில் நெருப்புப் பிடித்தால் லயமே போய்விடும், தணல் அணைந்த பிறகுதான் வைக்க வேண்டும். திங்கள் மாலையே பொங்கிவிட்டால் குளிர்ந்த மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

அப்படியும் பொங்காவிட்டால் கொட்டிவிடாதீர்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வெட்டிப் போட்டு ரொட்டி மாதிரித் தடிப்பாகச் சுட்டால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். அப்பச் சோடாவை அள்ளிப் போடுவது வேண்டாம், அது பி விட்டமினைக் கெடுக்கும்.

இட்லி அவிக்கிறவர்களுக்கு ஒரு சொல். உயர்ந்த மலையில் தண்ணி 100 பாகைக்கு முன்னமே கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகை அளவுதான். ஆகவே மூன்று நான்கு நிமிடம் கூட அவிய விடுங்கள்.

தேங்காய்ச் சம்பலை இரவே அரைத்து வைக்காதீர்கள், கெட்டுவிடும். மிளகாயை வறுத்து, தேங்காயை உடைக்காமல் எடுத்து வைத்தால் காலையில் பத்து நிமிட வேலை. இரவே சமைத்த இறைச்சிக் கறியைக் காலையில் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே பரிமாற வேண்டும்.

புளித்த மாவில் இன்னொரு லாபமும் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கிற பொருள் புளிக்கும்போது குறைகிறது. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிற கர்ப்பிணித் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் தோசையோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் அந்த லாபம் போய்விடும். தேயிலை பறிக்கிற நம்மிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், என்றாலும் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தக்காளிச் சம்பலோ தேசிக்காய் பிழிந்த சம்பலோ வைத்துச் சாப்பிட்டால் இரும்புச் சத்து இன்னும் நன்றாகச் சேரும்.

மிச்சம் இருக்கும் மாவை மறுநாள் பிரட்டுக்குப் போகுமுன் சுட்டுக் கட்டிக்கொண்டால் பத்து மணிச் சாப்பாட்டுக்கும் ஆச்சு.