ஆய்வகத்தில் ஒரு பழைய ஆட்டம்

கணினி விளையாட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கைபேசியில் துப்பாக்கி சுடும் ஆட்டங்கள்தாம். பெற்றோரும் அதையே நினைக்கிறார்கள். ஆனால் வகுப்பறைக்கென்றே பிறந்த பழைய ஆட்டங்கள் சில உண்டு. இணையம் வேண்டாம், வேகமான கணினி வேண்டாம். மரக்காணம் உப்பளப் பகுதியில் உள்ள எங்கள் நடுநிலைப் பள்ளியில் அவற்றை விளையாட வைத்துப் பார்த்ததில், பரிந்துரைக்கத் தகுந்தவை என்று எனக்குத் தோன்றியவற்றை எழுதுகிறேன்.

முதலிடம் 'ஹமுராபி'க்கு. இதன் மூலம் ஓர் ஆசிரியையின் ஆக்கம். 1964இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை மேபெல் ஆடிஸ், ஐ.பி.எம். நிரலர் ஒருவருடன் சேர்ந்து 'சுமேரியன் கேம்' என்ற ஆட்டத்தை உருவாக்கத் தொடங்கினார். அதைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் 1968இல் சுருக்கி எழுதியதே 'ஹமுராபி'. பிறகு டேவிட் ஆல் 1973இல் வெளியிட்ட பேசிக் விளையாட்டுகள் தொகுப்பின் வழியே அது பரவியது.

படமே கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும்தான். நீங்கள் பழங்கால நகரம் ஒன்றின் அரசர். 100 பேர், 1000 ஏக்கர், 2800 புஷல் தானியம் (நாங்கள் 'மூட்டை' என்றே வைத்துக்கொண்டோம்). பத்து ஆண்டுகள் ஆள வேண்டும். ஒருவர் உண்ண ஆண்டுக்கு 20 மூட்டை. ஓர் ஏக்கர் விதைக்க அரை மூட்டை. ஒருவரால் 10 ஏக்கர்தான் உழ முடியும். கணக்குப் போடுங்கள்: உணவுக்கு 2000, விதைக்கு 500, மீதி 300. அதில் நிலம் வாங்கலாமா? ஏக்கர் விலை ஆண்டுதோறும் 17 முதல் 26 வரை மாறும். விளைச்சலும் ஏக்கருக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எதுவாகவும் இருக்கலாம். எலி தின்னும். கொள்ளைநோய் வந்தால் பாதிப்பேர் போய்விடுவார்கள். பெருக்கல், வகுத்தல், சராசரி என்று நாம் தனித்தனியாக நடத்துவதெல்லாம் இங்கே ஒரே மூச்சில் தேவைப்படுகிறது.

எங்கள் பிள்ளைகள் இதை உப்பளமாக மாற்றிவிட்டார்கள். தானியத்துக்குப் பதில் உப்பு, ஏக்கருக்குப் பதில் பாத்தி, எலிக்குப் பதில் மழை. தாயக்கட்டை உருட்டி மழையை முடிவு செய்கிறோம். நோட்டும் பென்சிலும் போதும். வாரிய உப்பை உடனே விற்பதா, விலை ஏறும் மழைக்காலம் வரை குவித்து வைப்பதா என்பதே முக்கியக் கேள்வி. வாய்ப்பாட்டில் தடுமாறும் மாணவன் ஒருவன் முழுவதையும் விற்க மறுத்தான். "ஐப்பசி வந்தா வேல இருக்காது சார், வூட்டுச் செலவுக்கு வேணும்ல" என்றான். அன்று அவன் குழுதான் கடைசிவரை தாங்கியது. முன்பணம் வாங்கிய குடும்பத்துக்கு இப்படிக் காத்திருக்க முடியாது என்று ஒரு சிறுமி சொன்னபோது வகுப்பே விவாதத்தில் இறங்கியது. பாடவேளை முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது 'ஓரிகன் டிரெயில்'. 1971இல் மினசோட்டாவில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மூன்று இளைஞர்கள் வரலாற்றுப் பாடத்துக்காக உருவாக்கியது. மாட்டுவண்டியில் நெடும்பயணம், உணவு, மருந்து, பணம் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் தரப்பு அதில் மிகக் குறைவு. அதைச் சொல்லிவிட்டு விளையாட வையுங்கள்; எட்டாம் வகுப்புக்கு அதுவே நல்ல பாடம்.

வடிவியலுக்கு 'டெட்ரிஸ்'. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. வடிவத்தைச் சுழற்றினால் எப்படித் தெரியும் என்பதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட இது எளிது. ஒரே சிக்கல், இதற்கு முடிவே இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். சிறு வகுப்புகளுக்கு 'ஜிகாம்ப்ரி', 'டக்ஸ் மேத்' இரண்டும் இலவச மென்பொருள்கள்.

ஒரு கணினிக்கு இருவரை உட்கார வையுங்கள். ஒருவர் தட்டட்டும், மற்றவர் தாளில் கணக்குப் போடட்டும். அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பதை எழுதிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. ஆய்வகக் கணினியில் எதையும் நிறுவும் முன் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுவிடுங்கள்.

எங்கள் ஏழாம் வகுப்பு இப்போது உப்பள ஆட்டத்தில் முன்பணத்தையும் வட்டியையும் சேர்க்க வேண்டும் என்கிறது. வட்டி எவ்வளவு என்று வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.