கன்றும் குருளையும்



ஒட்டகச்சிவிங்கியின் இளமைக்கு என்ன பெயர்? உயர்தர வகுப்பில் மரபியல் படிப்பிக்கும் எனக்கு இது விளையாட்டுக் கேள்வியன்று. தொல்காப்பியர் இளமைப் பெயர்கள் ஒன்பது தருகிறார். ஒட்டகத்தின் இளமைக்குக் கன்று பொருந்தும் என்பார். புலிக்குக் குருளை என்பார். சிவிங்கியோ புலியினத்தைச் சார்ந்தது. உருவுக்கு ஒட்டகத்தையும் புள்ளிக்குச் சிவிங்கியையும் கூட்டிப் பெயரிட்ட நம்மவர், அதன் பிள்ளையைக் கன்று என்றே வழங்குகின்றனர்.

அக்கன்றின் தோற்கோலம் பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. வயது ஏற நிறம் கறுக்கலாம்; கோலம் மாறாது. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. தன்சானியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, புள்ளிகளின் வட்ட வடிவும் ஓரத்து நெளிவும் தாயிடமிருந்து கன்றுக்கு வருவதைக் காட்டியது. பெரிய, ஒழுங்கற்ற புள்ளிகளையுடைய கன்றுகளே முதற் சில மாதங்களில் கூடுதலாகப் பிழைத்தன. 2023 யூலையில் அமெரிக்காவின் ரெனசி மாநில மிருகக்காட்சிச்சாலை ஒன்றிலே புள்ளியே இல்லாத கன்றொன்றும் பிறந்தது.

எமது வாவிக்கரைக்கு வருவோம். படுவான்கரைப் பக்கத்துக் காட்டுப்பன்றிக் குட்டிகள் உடலில் வரிகளோடு பிறக்கின்றன. வரி, குட்டியைப் புல்லுக்குள் ஒளித்து வைக்கும். எதிர்த்து நிற்க வலு வந்தபின் அது வேண்டியதில்லை. சில மாதங்களில் மறைந்துவிடும். புள்ளிமான் கன்றின் புள்ளியோ முதுமை வரை நிற்கும். எருமைக் கன்று வெளிறிய நிறத்தோடு பிறந்து பின்பே கருமை கொள்ளும்.

மாட்டுக் கன்றின் கதை வேறு. காவல் மனிதனுடையதான பின் ஒளிய வேண்டிய தேவை குறைந்தது. காட்டில் பிழைக்காத நிறங்களும் பட்டியிலே பிழைத்தன. சிவலை, மயிலை, சுட்டி என்று பெயர்கள் பெருகின. மந்தையில் ஒன்றைச் சுட்டிச் சொல்ல நிறமே பெயராயிற்று. அதுவும் போதாதென்று தாய்வழிக் குடிகளின் குறிகளைச் சுட்டனர் மட்டக்களப்பார். ஒட்டகச்சிவிங்கிக்குத் தாய் தந்த கோலம். எங்கள் மாட்டுக்குத் தாய்வழிக் குடி தந்த குறி!

2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். தரை சுருங்கினால் பட்டி சுருங்கும். பாலும் தயிரும் குறையும். அவற்றோடு இந்த நிறப்பெயர்களும் வழக்கொழியும். அகராதியில் இருப்பது மட்டும் ஒரு சொல்லுக்கு வாழ்வாகாது; அதைச் சொல்லி அழைக்க ஒரு கன்று வேண்டும்.

மாணவர்களே, மரபியலை மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். பட்டிக்காரரிடம் சென்று கன்றுகளின் நிறப்பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்வதும் இலக்கணமே.