பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்: லினக்ஸ் போடும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்



நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய நம் நாட்டுச் சரக்கு அது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. புதிய லினக்ஸ் ஒன்றை இலவசமாகப் போட்டால் பிள்ளைகளின் பாடத்துக்கும் நைட்டி தைக்கும் கூலிக் கணக்குக்கும் அந்த லேப்டாப் இன்னும் உழைக்கும்.

ஆனால் அதில்தான் அத்தாவின் கடைசிப் புகைப்படமும் நிக்காஹ் வீடியோவும் இருக்கலாம். டிரஸ்ட் லேப்டாப்பில் நானே லினக்ஸ் போட்டபோது, 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்பதை அவசரத்தில் அழுத்திவிட்டேன். கல்வி உதவி மனுக்களின் ஸ்கேன் அத்தனையும் போயிற்று. வீடு வீடாகப் போய் மறுபடியும் சான்றிதழ் கேட்டு வாங்கினேன்.

முதலில் லினக்ஸ் உள்ள பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் துவக்கி, இன்ஸ்டால் செய்யாமல் 'லைவ்' முறையிலேயே பாருங்கள். டிஸ்க் பழுதாகாமல் இருந்தால், விண்டோஸ் திறக்காத லேப்டாப்பிலும் பெரும்பாலும் பழைய ஃபைல்கள் தெரியும். அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் கிடையாது. டிஸ்க்குகள் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று வரும். எது எந்தப் பெயரில் வரும் என்பது நிச்சயமில்லை. சில நேரம் பென்டிரைவே எஸ்.டி.ஏ. ஆகிவிடும். ஆகவே பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். 320 ஜிபி டிஸ்க் சில திரைகளில் 298 என்று தெரியும். கணக்கிடும் முறைதான் வேறு, இடம் எங்கும் போகவில்லை.

பிரிக்கும்போது 'மேனுவல்' முறையைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டத்துக்கு 40 ஜிபி தாராளம். ராம் குறைவு என்பதால் ஸ்வாப்புக்கு 4 ஜிபி. மீதியை 'ஹோம்' என்று தனிப் பகுதியாக ஒதுக்குங்கள். பிள்ளைகளின் ஃபைல்கள் எல்லாம் அதில்தான் சேரும். பின்னாளில் லினக்ஸை மறுபடி போட நேர்ந்தால், அந்தப் பகுதியை மட்டும் ஃபார்மேட் செய்யாமல் 'ஹோம்' என்றே காட்டினால் போதும், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

நகலெடுக்க வெளி டிஸ்க் இல்லாதவர்களுக்கு டிரஸ்ட் அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது. அஸருக்குப் பிறகு வந்து இரவல் வாங்கிக்கொள்ளலாம்.