கண்ணைக் கசக்கும் பிள்ளைகள்

வைகாசி பிறந்துவிட்டால் இலண்டன் காற்றிலே புல்லின் மகரந்தம் கலந்துவிடுகின்றது. ஊரில் ஒருநாளும் தும்மியறியாத எம்மவரின் பிள்ளைகள்கூட இங்கு கண் சிவந்து, இரு கைகளாலும் கசக்கியவாறு பாடசாலையிலிருந்து திரும்புகின்றனர். "தூசு விழுந்திருக்கும்" என்று நாமும் வாளாவிருந்து விடுகின்றோம். அந்த அலட்சியத்துக்கு விலை உண்டு.

கண்ணின் முன்புறத்தே கடிகாரக் கண்ணாடி போல் அமைந்திருப்பது விழிவெண்படலம். அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீற்றரைச் சற்றே மிஞ்சும். சிலருக்கு இப்படலம் மேலும் மெலிந்து, கூம்பு போல் முன்தள்ளுகின்றது. கெரட்டோகோனஸ் எனப்படும் இந்நோயை 1854 ஆம் ஆண்டிலேயே லிவர்பூல் வைத்தியர் ஜோன் நொற்றிங்ஹாம் விரிவாக விபரித்தார். பெரும்பாலும் பதின்ம வயதில் இது தலைகாட்டும். இடைவிடாது கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. கசக்குவது ஒன்றே காரணம் என அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. பரம்பரையும் ஒவ்வாமையும் உடன்சேர்கின்றன.

எமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். லெஸ்ரர் நகரில் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வெள்ளையரிலும் பார்க்கத் தென்னாசிய வம்சாவளியினரிடையே இந்நோய் நான்கு மடங்கு அதிகம் எனவும், அவர்களை இளவயதிலேயே பீடிக்கின்றது எனவும் கண்டது.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் மகனுக்கு ஆண்டுக்கு இருமுறை மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. தந்தை தொலைக்காட்சியைப் பழித்தார். புகலிட வழக்கு முடியட்டும் என்று வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட்டார். போனபோது, ஒரு கண்ணின் பார்வை மூக்குக்கண்ணாடியால் திருத்த முடியாதவாறு மங்கியிருந்தது.

ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் உருவாகி, 2003 இல் வெளியான சிகிச்சை முறையொன்று இன்று பிரித்தானியாவிலும் கிடைக்கின்றது. உயிர்ச்சத்து பி2 துளிகளை இட்டு, புறஊதாக் கதிர் பாய்ச்சிப் படலத்தை உறுதியாக்குவர். இது நோய் முற்றாமல் தடுக்கும்; இழந்த பார்வையை மீட்டுத் தராது. ஆகவே காலம் தாழ்த்தலாகாது. மிகவும் முற்றியவர்களுக்குப் படல மாற்றுச் சத்திரசிகிச்சையே வழியாகின்றது.

பிள்ளை கண்ணைக் கசக்கினால் குளிர்நீரில் நனைத்த துணியை மூடிய கண்மீது வையுங்கள். ஒவ்வாமைக்கான துளிமருந்தை மருந்துக்கடையில் கேளுங்கள். கண்ணாடியின் இலக்கம் அடிக்கடி மாறினால் உடனே பரிசோதியுங்கள். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் குறைந்தோருக்கும், 19 வயதுக்குக் குறைந்த முழுநேர மாணவருக்கும் கண் பரிசோதனை இலவசம். உள்துறை அமைச்சின் உதவியில் வாழும் புகலிடக் கோரிக்கையாளர்கள் எச்.சி. 2 சான்றிதழைக் காட்டினால் கட்டணமில்லை.

வழக்கின் முடிவுக்கு நாம் காத்திருக்கத்தான் வேண்டும். பிள்ளையின் கண்ணைக் காட்டுவதற்கு எவருடைய முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.